காலியாகத் திரும்பிய தட்டுகள்

"இத ஒரு தடவ மோந்து பாருடா றுஷ்தி."

"வாணாம் மச்சான். காலத்தால குடிச்ச டீ வெளிய வந்துரும்."

"ரெண்டு வருசத்து வேர்வடா. எதிர் டீம்காரன் பந்த விட்டுட்டு ஓடுறானே, ஏன்னு நெனச்ச? எல்லாம் இந்த ஹெல்மட்டுதான்."

"நீ மனுசனா? இதுக்குள்ள எப்படித் தலைய விடுற?"

"ஒனக்கும் ஒரு நாள் வரும். மொதல்ல கொஞ்ச நேரம் நாறும். அப்புறம் அது ஒன் நாத்தமா ஆயிரும்."

ரமேஸ் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தது 2021 ஜூலையில். அடுத்த வாரம் அவன் உயிரோடு இல்லை.

இது நடந்த கதை. றுஷ்தி இதைக் கனவு என்று சொல்லிப் பார்த்தான். தனக்கும் காய்ச்சல் வந்திருக்கும், அதில் மூளை குழம்பியிருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தான். ஆனால் அந்த வாரம் அவனுக்குச் செய்த பரிசோதனை நெகடிவ். நேரங்களைக்கூட அவன் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். அந்த நேரங்களைத்தான் இங்கே அப்படியே தருகிறேன்.

பதுளையிலிருந்து ஹாலிஎல போகிற வழியில், மேட்டில் இருக்கும் கல்லூரி அது. பெயர் வேண்டாம். அங்கே ஆண்கள் ஹொக்கி அணியில் ரமேஸ்தான் கோல் கீப்பர். தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்துப் பையன். றுஷ்தி பதுளை டவுனில் துணிக்கடைக்காரரின் மகன். அவனும் கோல் கீப்பர்தான். ஆனால் மூன்று வருடமாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கோல் கீப்பர்.

அணியிடம் கோல் கீப்பருக்கு ஒரே ஒரு கிட்தான் இருந்தது. ஹெல்மட், மார்புக் கவசம், கால் பேட், காலணிக்கு மேல் மாட்டும் தடித்த ரப்பர் கிக்கர்ஸ். அதற்கு ஒரு வழக்கமும் இருந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை கிட்டைக் கழுவக்கூடாது. தோற்ற அன்றுதான் சோப்பு போட வேண்டும். அந்த அணி கடைசியாகத் தோற்றது 2019இல். பிறகு கொரோனா வந்தது. ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் ரத்தானது. ரத்தான ஆட்டம் தோல்வி இல்லையே. ஆகவே இரண்டு வருடமாக அந்தக் கிட்டில் தண்ணீர் படவில்லை.

அந்த சீசனில் மிஞ்சியது ஒரே ஒரு இறுதிப் போட்டி. சனிக்கிழமை பிற்பகல் 3.30. அதற்காகப் பதினெட்டுப் பேரும் விடுதியில் அடைந்து கிடந்தார்கள். வெளியே போகக்கூடாது, வீட்டார் வரக்கூடாது. சனிக்கிழமை காலை சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. வந்து எல்லோருக்கும் அன்டிஜன் டெஸ்ட் எடுப்பார். ஒருவனுக்கு இருந்தாலும் முழு அணியும் வெளியே.

திங்கள் இரவு ரமேஸுக்குக் காய்ச்சல் வந்தது.

கேப்டன் மிப்ரான் அரை மணி நேரத்தில் முடிவெடுத்துவிட்டான். மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழே கிட் அறை இருந்தது. அங்கே ஒரு மெத்தையைப் போட்டு ரமேஸைப் படுக்க வைத்தார்கள். பனடோல் இரண்டு அட்டை. தண்ணீர்ப் போத்தல் நான்கு. வெளியில் பூட்டு. சாவி மிப்ரான் கையில். கோச்சிடம் ஒரு சாவைக் காரணம் சொன்னான்: "ரமேஸ் வீட்டுல ஒரு மையத்து சேர். அவசரமாப் போய்ட்டான்."

சாப்பாடு கொடுப்பது றுஷ்தியின் வேலை. ஜன்னல் பலகையின் அடியில் உடைந்த இடம் ஒன்று இருந்தது. ஒரு தட்டு நுழையும். அவ்வளவுதான்.

செவ்வாயன்று ரமேஸ் உள்ளே இருந்து கேலி செய்தான். "பருப்புல உப்பு இல்லடா. ஒங்க கோச்ச விட்டு சமைக்கச் சொன்னீங்களா?"

புதன் மாலை 5.40க்குக் கேலி இல்லை.

"மச்சான்... மூச்சு இழுக்குது. எங்கம்மாவ வரச் சொல்லுடா. வீட்டுக்குப் போறேன்."

"சனிக்கிழம வரைக்கும் பொறுத்துக்க. மூணே மூணு நாள்தானே."

"கதவத் தெற."

சாவி றுஷ்தியிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் கைபேசி சட்டைப் பையில் இருந்தது. ஓர் அழைப்பு போதும், ஆம்புலன்ஸ் வந்திருக்கும். அவன் எடுக்கவில்லை. மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தவனுக்கு முதல் முறையாகக் கோலில் நிற்க இடம் கிடைத்திருந்தது. அதுவும் இறுதிப் போட்டியில். ரமேஸ் உள்ளே இருந்தால்தான் அவன் களத்தில் இருப்பான். 

வியாழன் காலை மிப்ரான் அவனைத் தனியாகக் கூப்பிட்டான். கண் சிவந்திருந்தது.

"இனி அங்க நின்டு கதைக்காத. தொத்திரும். நமக்கு இரிக்கிற கீப்பர் நீ மட்டும்தான். தட்ட வச்சிட்டு வந்துரு."

"ரமேஸ் எப்படி இரிக்கான்?"

"இரிக்கான்."

வியாழன் பகல் 12.15. சோறு, பருப்பு, முட்டைக்கோவா வறை. றுஷ்தி தட்டை உள்ளே தள்ளினான். குரல் வரவில்லை. தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டான்.

மாலை 5.40க்குத் தட்டு வெளி விளிம்பில் இருந்தது. காலி. ஒரு பருக்கை இல்லை. கழுவிய தட்டு அப்படி இருக்காது. நாய் நக்கிய மாதிரி, எச்சில் காயாமல் பளபளத்தது. விரலில் ஒட்டியது. நூலாக இழுத்தது. அருவருப்பாக இருந்தாலும் அவனுக்கு ஒரு நிம்மதி. பசி வந்துவிட்டது, தேறிவிடுவான்.

அப்போது உள்ளே ஒரு சத்தம்.

டக்... டக்... சிறிது நேரம் கழித்து, டக்.

ரமேஸின் பழக்கம் அது. கோலில் நிற்கும்போது இடப்பக்கக் கம்பத்தில் இரண்டு தட்டு, வலப்பக்கக் கம்பத்தில் ஒரு தட்டு. தான் நிற்கும் இடம் சரிதானா என்று பார்க்க, ஸ்டிக்கால் தட்டுவான்.

அந்த ஸ்டிக்கும் கிட்டும் திங்கள் இரவே றுஷ்தியின் அறைக்கு வந்துவிட்டன.

வெள்ளி காலை 6.10. பயிற்சிக்குப் போக ஹெல்மட்டை எடுத்தான். இரவு முழுக்க அவன் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கியது. சானிடைசர் அடித்துத் துடைத்து வைத்தது. உள்ளே கை விட்டான். ஈரம். அதுவும் குளிர்ந்த ஈரம் இல்லை. இளஞ்சூடு. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி.

முகர்ந்தான். பழைய வேர்வை நாற்றம் இல்லை. நாலு நாள் பல் விளக்காத காய்ச்சல்காரனின் வாய் நாற்றம்.

வெள்ளி பகல் 12.15. தட்டை வைத்தான். ஓடி வந்துவிட்டான்.

வெள்ளி மாலை 5.40. பள்ளத்திலிருந்து பனி ஏறி மைதானத்தின் பாதியை மூடியிருந்தது. பயிற்சி முடிந்து கிட்டோடு வந்தான். கிக்கர்ஸ் தோளில். ஹெல்மட் இடது கையில்.

தட்டு இருந்தது. இந்த முறை காலி இல்லை.

சோற்றை யாரோ மென்றிருந்தார்கள். விழுங்காமல் துப்பியிருந்தார்கள். உருண்டை உருண்டையாக, வரிசையாக, ஐந்து. பந்துகளை அடுக்கியது போல. ஒவ்வொன்றிலும் பல் பதிந்த தடம். மேலே நுரை.

ஆவி பறந்தது. பகலில் வைத்த சோறு அது.

றுஷ்தி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். உடைந்த இடத்தில் கண்ணை வைத்தான்.

இருட்டு. மெத்தையின் ஓரம். அதற்கு அப்பால் இரண்டு பாதங்கள்.

கிக்கர்ஸ் மாட்டிய பாதங்கள்.

இடது கிக்கர்ஸில் கிழிசல். அதைத் தைத்த பச்சை நூல். அது அவர்களுடைய ஒரே ஜோடி.

அவன் தோளைத் தொட்டுப் பார்த்தான். கிக்கர்ஸ் அங்கேதான் தொங்கியது. அதே கிழிசல். அதே பச்சை நூல்.

"கதவத் தெற..."

ரமேஸின் குரல்.

அறைக்குள் இருந்து வரவில்லை.

அவன் கையில் இருந்த ஹெல்மட்டுக்குள் இருந்து வந்தது.

5.52க்கு அவன் மிப்ரானின் அறையில் நின்றான். எப்படி வந்தான் என்று தெரியாது. சாவிக்காகக் கையை நீட்டினான். "தொறப்புத் தா. ரமேஸுக்கு என்னமோ ஆகிட்டு. இப்பவே தா."

மிப்ரான் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "நாளைக்கு. மெட்ச் முடியட்டும். நானே தொறந்து காட்டுறன்."

றுஷ்தி இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை டெஸ்ட். எல்லோருக்கும் நெகடிவ். கைதட்டினார்கள். றுஷ்தி வெறும் தண்ணீர் மட்டும் குடித்தான். சோற்றைப் பார்க்கவே முடியவில்லை.

3.30க்கு ஆட்டம் தொடங்கியது. ஹெல்மட்டை மாட்டினான். உள்ளே ஈரம் கன்னத்தில் அப்பியது.

அவன் மூச்சை விட்டான்.

உள்ளே யாரோ அதை இழுத்தார்கள்.

மீண்டும் விட்டான். மீண்டும் இழுத்தார்கள். அவன் வாயிலிருந்து போன காற்று, வேறொரு வாய்க்குள் போய், நாற்றத்தோடு திரும்பி அவன் வாய்க்கே வந்தது. ஒரு மணி நேரம் அப்படியே.

4.48க்கு எதிரணிக்குக் கடைசி பெனால்டி கோர்னர். கல்லூரி அணி ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் இருந்தது. றுஷ்தியின் கை தானாக அசைந்தது. இடப்பக்கம் இரண்டு தட்டு. வலப்பக்கம் ஒன்று.

அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

பந்து வந்தது. அவன் பார்க்கக்கூட இல்லை. கால் போய்த் தடுத்தது.

விசில். எல்லோரும் அவன் மேல் பாய்ந்தார்கள். அவன் ஹெல்மட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

சோறு.

மென்ற சோறு. உருண்டை உருண்டையாக. ஐந்து.

மிப்ரான் அதைப் பார்த்தான். கிட் அறைக்கு நடந்தான். றுஷ்தி பின்னால் போனான். 5.05க்குக் கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. மெத்தை சுவரில் சாத்தியிருந்தது. தரையில் டெட்டோல் வாசம்.

"வியாழக்கிழம விடிய நாலு மணிக்கு ஓட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், வீட்டுலருந்து வாறோம்னு பதிஞ்சிட்டன்" என்றான் மிப்ரான். "ஒனக்குச் சொன்னா நீ வெளயாடமாட்ட. அதான்."

"இப்ப எப்படி இரிக்கான்?"

மிப்ரான் தரையைப் பார்த்தான். "அன்டைக்குப் பகல் பதினொன்னு நாப்பதுக்கு முடிஞ்சி. எனக்குத்தான் போன் வந்த."

பதினொன்று நாற்பது. வியாழக்கிழமைத் தட்டை அவன் வைத்தது 12.15க்கு.

"அப்ப சோத்தத் திண்டது யாரு?"

"நானும் அதத்தான் ஒன்ட்டக் கேக்க இருந்த. எடுத்துக் கொட்டலாம்னு ஒவ்வொரு தரமும் போவன். நான் போகக்குள்ள தட்டு காலி. வெள்ளிக்கிழம பகலும் காலி. நீதான் திண்டு தொலைக்கிறன்னு நெனச்சன்."

வெளியே அவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். றுஷ்தி அந்தப் படத்தில் இல்லை. கதவைச் சாத்திவிட்டு ஓடிப்போய் நின்ற மிப்ரான் இருக்கிறான். நடுவில், சிரித்தபடி. இரண்டு பேரில் யார் கேவலம் என்று றுஷ்திக்கு இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

ரமேஸின் அம்மா நல்லம்மா, தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். சீல் வைத்த பெட்டியைத்தான் அவரிடம் காட்டினார்கள். முகத்தைக் காட்டவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் றுஷ்தி தெமோதரைக்குப் போவான். பழம் வாங்கிக் கொடுப்பான். அவர் டீ ஊற்றிக் கொடுப்பார். ஏதோ கேட்க வாயைத் திறப்பார். பிறகு, "சீனி போதுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அவனும் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிடுவான்.

2024இல் சொன்னான். பூட்டு, சாவி, கைபேசி, "எங்கம்மாவ வரச் சொல்லு" என்று ரமேஸ் கேட்டது, பெஞ்ச் ஆசை, தட்டுகள். ஒன்றையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

நல்லம்மா அடிக்கவில்லை. அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்து அணைத்தார்.

"எந்திரிச்சு வாங்க தம்பி."

லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஒரு கல்லின் மேல் வாழையிலை. சோறு, பருப்பு, பொரித்த முட்டை. காலையில் வைத்த படையல். மரத்தில் ஏழெட்டுக் காகங்கள். ஒன்றுகூட இறங்கவில்லை. சோற்றின் மேல் எறும்புகூட ஏறவில்லை.

"மூணு வருசமா இப்பிடித்தான். அவங்கப்பாவுக்கு வச்சா ஒடனே எடுக்குதுங்க. இவனுக்கு வச்சா பாத்துக்கிட்டே இருக்குதுங்க. எம்மேல கோவமோன்னு நெனச்சேன் தம்பி."

"மிப்ரான் கதவத் தொறந்தான் அம்மா. நானும் பாத்தன். உள்ள யாரும் இல்ல."

"நீங்க தெறந்தா? பூட்டுனவங்க தெறந்தா அவன் வருவானா? வீட்டாளு போயி பேரச் சொல்லிக் கூப்பிட வேணாமா?"

நல்லம்மா இலையின் மேல் விழுந்த சருகை எடுத்துப் போட்டார்.

"அவன் செத்த அந்த மாசமே, என்ன நடந்துச்சுன்னு கேக்க காலேஜ் வாசலுக்கு ரெண்டு தடவ வந்தேன். வெளியாளுக்கு அனுமதி இல்லன்னு வாச்சர் திருப்பி அனுப்பிட்டாரு. நீங்க ஒவ்வொரு வருசமும் வரும்போது கேக்கணும்னு இருப்பேன். படிக்கிற புள்ள, ஒங்களுக்கு எதுக்கு வில்லங்கம்னு விட்ருவேன்."

அவர் தலைத்துண்டை உதறி மீண்டும் கட்டிக்கொண்டார். அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்னைய அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி. எம்புள்ள பசியோட இருக்கான். நான் கூப்பிடணும்."