சமதரையில் ஒரு வேண்டுதல்

எங்கள் மலையில் சமதரை கிடையாது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இது தெரியவில்லை. கடலோரத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்த சின்னப் பெண் அவள். மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசுவாள்.

"சேச்சி, தினமும் நடக்கணும். பக்ஷே ஏற்றமும் இறக்கமும் இப்ப வேண்டா. நிரப்பான ஸ்தலத்தில் மட்டும் நடந்தா மதி, கேட்டோ."

நான் தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டுவதுதான் என் வழக்கம். ஜீப்பில் என் இடம் வந்த பிறகும் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, எஸ்டேட்டின் அடுத்த டிவிஷன் வரை போய் இறங்கி நடந்து திரும்பியவள் நான். அப்படிப்பட்டவள், எங்கள் ஊரில் நிரப்பான இடமே இல்லை என்று ஒரு ஆஸ்பத்திரி அறையில் எப்படிச் சொல்வேன்? எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் பந்தைக் கைதவற விட்டால் அது கீழ் டிவிஷன் பிள்ளைகளுக்குச் சொந்தம். கக்கூஸுக்கு இறங்க வேண்டும், கடைக்கு ஏற வேண்டும். தேயிலைக் காட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வலி ஆரம்பித்ததும் அந்தக் காட்டில்தான். ஒரு நாள் கொழுந்து மூட்டையைத் தலைக்கு ஏற்றினேன். வலது பக்கப் புட்டத்தில் யாரோ ஆணி வைத்தது போல இருந்தது. அங்கிருந்து தொடைக்குப் பின்னால், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை ஒரே கோடாக இறங்கியது. பள்ளிவாசல் என்கிற ஊரில் பவர் ஹவுஸுக்கு மலையிலிருந்து பெரிய குழாய் இறங்குமே, அதேபோல. தும்மினால் குழாய்க்குள் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

எஸ்டேட் டாக்டர் மாரியம்மன் திருவிழா முடியும் வரை லீவு எழுதிக் கொடுத்தார். "அதுக்கப்புறம் பாப்போம். முடியலன்னா அன்ஃபிட் எழுதறத தவிர வேற வழியில்ல" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பியதும் நானும் என் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் பேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். லயத்து வீடு இப்போது என் வேலையின் பேரில்தான் நிற்கிறது. வேலை போனால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். இறங்கி எங்கே போவது என்று இருவருக்கும் தெரியாது.

ஆகவே நடந்தே ஆக வேண்டும். பெரட்டுக் களம் சமதரைதான். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற இடம். ஆனால் பெரட்டு கலைந்த பிறகு அங்கே டூரிஸ்ட் ஜீப்கள் வந்து நிற்கும். நான் நடந்தால் என்னையும் சேர்த்துப் போட்டோ எடுத்துவிடுவார்கள். மிச்சமிருந்தது மாரியம்மன் கோயில் முற்றம். போன வருடம்தான் டைல்ஸ் போட்டிருந்தார்கள். எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு ஒரு ஆளும் இருக்காது. நான் கோயிலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன்.

ஒரு ஆளும் இல்லை என்று நினைத்தது என் புத்திக்குறைவு. கோயிலுக்கு நேர் எதிரே இருக்கிற சரிவில்தான் அந்த வாரம் எங்கள் கூட்டம் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தது. இருபது முப்பது பேர், கையில் கத்தரியோடு, சினிமாக் கொட்டகை பால்கனியில் உட்கார்ந்தது போல என்னையே பார்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மதினி வந்தாள். என்னோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள், வாயிலும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

"யாருக்கு மதினி வேண்டுதல்?"

"வேண்டுதலெல்லாம் இல்ல. சும்மா நடக்கேன்."

"சும்மா யாராவது கோயிலச் சுத்துவாங்களா? சொல்ல வேண்டாம்னா வுடுங்க. வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுதான்."

நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. மறுநாள் பூசாரி வாசலில் காத்திருந்தார். ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி நடந்தால் வலது கால் இழுக்கிறது என்று நான் பாதி நேரம் இடமாகச் சுற்றிவந்தேன். அதுவும் எதிர்ச் சரிவில் தெரிந்திருக்கிறது.

"தாயி, அப்பிடிச் சுத்தப்பிடாது. சுத்தின புண்ணியத்த நீயே திரும்ப அவுத்துட்டு இருக்க" என்றார்.

அன்று முதல் வலமாக மட்டும் நடந்தேன். கால் இழுத்தால் நின்று, இடுப்பில் கைகளை வைத்து, மெல்லப் பின்னால் சாய்ந்து நிமிர்ந்தேன். இதுவும் ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதுதான். சாயும்போது முகம் கோபுரத்தைப் பார்க்கும். நான் கோபுரத்தைப் பார்த்துக் கண் கலங்கி நின்றதாக எதிர்ச் சரிவில் பேசிக்கொண்டார்கள். கண் கலங்கியது உண்மை. வலித்தது.

நடையைவிட முக்கியமான பயிற்சி ஒன்று இருந்தது. குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, இடுப்பு தரையை விட்டு எழும்பாமல் தலையையும் நெஞ்சையும் மட்டும் தூக்க வேண்டும். தூக்கும்போது வாய் வழியாக மூச்சை விட வேண்டும். அதற்கு அந்தப் பெண் ஒரு கணக்கும் சொல்லியிருந்தாள்: "வேதனை கால்லேந்து மேலோட்டு வந்தா நல்லது சேச்சி, இடுப்பு கொஞ்சம் வலிச்சாலும் சாரமில்ல. கால்ல கீழோட்டு இறங்கினா உடனே நிறுத்தணும். மூத்திரம் போறதில புத்திமுட்டு வந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பயிற்சியும் வேண்டா ஒண்ணும் வேண்டா, நேரே ஆஸ்பத்திரி."

எங்கள் வீட்டில் தரையில் நீட்டிப் படுக்க ஒரே இடம்தான். வாசல் நடை. தலை கதவுப் பக்கம் வந்தால்தான் கால் அடுப்பில் இடிக்காது. தலைகுளித்த ஒரு நாள் முடியை விரித்துப் போட்டபடி பாயில் படுத்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று மூச்சை விட்டுக்கொண்டே தலையைத் தூக்கினேன்.

வாசலில் மதினி, கையில் டம்ளரோடு. சீனி வாங்க வந்திருக்கிறாள்.

டம்ளர் விழுந்து, படி படியாக உருண்டு, கீழ் லயம் வரை போகிற சத்தம் கேட்டது.

"தாயே! நாகம்மா! எப்ப தாயி வந்த?"

நான் எழுந்து விளக்கியிருக்க வேண்டும். ஆனால் சட்டென்று எழக்கூடாது. முதலில் ஒருக்களித்து, காலை மடக்கி, கையை ஊன்றி, பிறகுதான் எழ வேண்டும். அதற்குள் மதினி தரையில் விழுந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு வாக்கு சொல்லு தாயி! இடுப்பு ஒடியுது, மூணு மாத்திர போட்டும் கேக்கல."

கூச்சத்தில் எனக்கு வாயில் வந்தது, ஆஸ்பத்திரியில் சொல்லி மனப்பாடமாகியிருந்தது ஒன்றுதான்.

"குனிஞ்சு தூக்காத. முட்டிய மடக்கித் தூக்கு. ரொம்ப நேரம் உக்காராத. காலுக்கு வலி இறங்குனா நிறுத்து" என்றேன்.

"உத்தரவு தாயி" என்று சொல்லி, பின்பக்கமாகவே நடந்து வெளியே போனாள். சீனியை மறந்துவிட்டாள்.

உள்ளே கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏ புள்ள, இதயே பத்து வருசமா நான் அவகிட்ட சொல்லுதேன், மூட்டய முட்டி மடக்கித் தூக்குன்னு. கேட்டாளா? பாம்பு சொன்னா கேக்கா" என்றார்.

கேட்டாள். அவளுக்கு இடுப்பு கொஞ்சம் சரியாகவும் ஆயிற்று. அத்தோடு தொலைந்தேன். கொழுந்து வெட்டுகிற பெண்களில் இடுப்பு வலி இல்லாதவள் யார்? வேலை முடிந்து ஒவ்வொருத்தியாக எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் வெளியே உட்கார்ந்து காத்திருந்தார்கள். மகள் கல்யாணம் எப்போது, மகன் வெளிநாடு போவானா என்று கேட்டவர்களிடம் "தெரியாது" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற சாமி உண்மையான சாமி என்று பேர் வந்தது.

பயம் வேறு வந்தது. மேல் லயத்து அக்கா ஒருத்தி என்னைப் பார்த்து வீட்டில் குப்புறப் படுத்து எழுந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கு வலி குறையாமல், முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிப் பெண் என் காலைத் தூக்கிப் பார்த்து, விரலை அழுத்திப் பார்த்து, அதன் பிறகுதான் எனக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தாள். எனக்குச் சரியானது இன்னொருத்திக்குக் கெடுதலாக இருக்கும் என்று அப்போதே சொல்லியிருந்தாள். நான் அந்த அக்காவிடம், "இனிமே செய்யாதீங்க. நாளைக்கே ஜீப் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போங்க. நரம்புக்குப் பாக்குற பொண்ணு இருக்கும், அதுகிட்டக் காட்டுங்க" என்றேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கே ஆச்சரியம்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தாள். "சேச்சி, இங்க உங்க எஸ்டேட்லேந்து ஒரு ஜீப் நிறைய ஆள் வந்நிருக்கு. ஆரு பறஞ்சயச்சதுன்னு கேட்டா, எல்லாரும் சாமி அனுப்பிச்சதுன்னு பறயுது. ஏது சாமியா?"

நல்லவேளை, மலையில் சிக்னல் போய்விட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். திருவிழாக் கமிட்டித் தலைவர் தாம்பாளத்தோடு வீட்டுக்கு வந்த அன்று சிரிப்பு போயிற்று. எங்கள் ஊரில் ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து, தலையில் வைத்துச் செங்குத்தாகப் படி ஏறிக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். தண்ணீர் நிறைத்த குடம், பூ, தேங்காய் எல்லாம் சேர்ந்து ஒரு கொழுந்து மூட்டைக் கனம் இருக்கும். எப்போதும் பூசாரிதான் எடுப்பார்.

"இந்த வருசம் நீங்கதான் எடுக்கணும் தாயி. கமிட்டியில பேசியாச்சு. பூசாரியும் ஒத்துக்கிட்டாரு."

நான் தலையாட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் என் தலைக்கு ஒரே ஆட்டம்தான் தெரியும். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கரகத்தைத் தூக்கினால் கால் போகும். கால் போனால் டாக்டர் அன்ஃபிட் எழுதுவார். வீடு போகும். சாமிக்காக நடந்ததால் வீட்டை இழந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதிலும் நான் சாமிக்காக நடக்கவே இல்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்களேன்" என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன்.

"நான் சொன்னா சாமிகுத்தம்னு என்னயக் கட்டி வச்சு உரிப்பானுவ. உன் வாயாலச் சொல்லு. ஒரு தடவ. செத்தா போயிருவ?"

கரகம் எடுக்கிறவருக்குக் காப்புக் கட்டுகிற அன்று கோயில் முற்றத்தில் ஊரே நின்றது. மேளம் அடித்தது. என்னை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றோடு வர நேரம் ஆயிற்று. நின்று நின்று புட்டத்தில் ஆணி இறங்கியது, தொடை, கெண்டை, சுண்டுவிரல். 'வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அப்போது கால் மொத்தமும் மின்சாரம் பாய்ந்தது. வேறு வழி தெரியாமல், ஆஸ்பத்திரியில் சொன்னபடி முட்டியை மடக்கி, கையை ஊன்றி, அந்த டைல்ஸ் தரையில் மெதுவாகக் குப்புறப் படுத்துவிட்டேன். பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் இரட்டிப்பாயிற்று.

நான் கொஞ்ச நேரம் கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தேன். வலி கெண்டையிலிருந்து தொடைக்கு ஏறியது. கைகளை ஊன்றித் தலையைத் தூக்கினேன். கண் முன்னால் முகங்கள் இல்லை, பாதங்கள்தான் இருந்தன. செருப்பு இல்லாத, மஞ்சள் தண்ணீர் பட்ட பாதங்கள். பாதங்களிடம் பேச எனக்குக் கூச்சமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"கரகம் நான் எடுக்க மாட்டேன்" என்று கத்தினேன். மேளம் நின்றது. "எனக்கு நரம்பு வலி. நான் கோயிலச் சுத்துனது நடைப் பயிற்சி. வீட்டுல படுத்து எந்திரிச்சதும் பயிற்சி. பாம்பும் இல்ல, சாமியும் இல்ல. மலைல வேற சமதரை இல்லாததுனாலதான் இங்க வந்தேன். சொம தூக்குனா எனக்கு வேல போயிரும், வீடு போயிரும்!"

கமிட்டித் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து கேட்டார்.

"அப்ப கரகத்த யாரு எடுக்கணும் தாயி?"

"பூசாரிதான். எப்பவும் போல."

"உத்தரவாயிட்டு!" என்று தலைவர் கூவினார். குலவை மறுபடியும் கிளம்பியது. காப்புக் கயிறு பூசாரியின் கைக்கே போயிற்று. மதினி என் காதருகே வந்து, "சாமியே நான் சாமி இல்லன்னு சொல்லுதுன்னா, எம்புட்டு அடக்கம் பாத்தீங்களா மதினி" என்றாள். என்னிடமே என்னைப் பற்றிச் சொன்னாள்.

திருவிழா முடிந்து எஸ்டேட் டாக்டரிடம் போனேன். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கினார். முன்பு பாதியில் அலறிய கால் இப்போது நன்றாக மேலே போயிற்று. வேலைக்குப் போகலாம், கொஞ்ச காலம் மூட்டை மட்டும் தூக்கக்கூடாது என்று எழுதினார். மூட்டையைத் தூக்காமல் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு எப்படிப் போகும் என்று சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். என் கூட்டத்துப் பெண்கள் அவரைக் கேட்கவே இல்லை. மாறி மாறி என் மூட்டையைத் தூக்கினார்கள், முட்டியை மடக்கி.

இப்போது காட்டில் அவ்வப்போது யாராவது ஒருத்தி கத்தரியை வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்துப் பின்னால் சாய்வாள். உடனே மற்றவர்களும் சாய்வார்கள். காலுக்கு வலி இறங்குகிறவர்கள் மட்டும் சும்மா நிற்பார்கள், அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வேறு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எல்லோருடைய முகமும் எதிரே இருக்கிற கோயிலைப் பார்த்திருக்கும். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று கேட்டிருந்தால் சூப்பர்வைசர் விட்டிருக்க மாட்டார். சாமி கும்பிடுகிறவர்களை நிறுத்த அவருக்குத் தைரியம் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

போன வாரம் எல்லோரும் முன்னால் நடந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். ஜீப்பிலேயே நாள் முழுக்கச் சுற்றுகிறவர். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"யக்கா, எனக்கும் இந்த வலது பக்கம்..." என்று ஆரம்பித்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரில காட்டுங்க சார்" என்றேன். "நடக்கச் சொன்னாங்கன்னா, பெரட்டு கலைஞ்சதும் கோயிலுக்கு வாங்க. வலமாத்தான் சுத்தணும்."