சின்னாறு தாண்டினால் ஏறும் முள்

அக்கா கல்யாணமாகி மூணாறு மலைக்கு அப்பால் சின்னக்கானலுக்குப் போய் இரண்டு வருடமாகியும் அப்பா அவள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் உடன்படித்த எஸ்டேட் பையனை அவளே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அப்பா கல்யாணத்துக்கே போகவில்லை. ஒரு வருடம் அவள் பேச்சையே எடுக்கவில்லை. காரின் முன்சீட்டுக்கு அவளும் நானும் போட்ட சண்டையெல்லாம் ஓய்ந்து, முன்சீட் எனக்கே வந்துவிட்டது. அதில் உட்காரவே பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் தானாகவே, "போய்ப் பாத்துட்டு வரலாமா அம்மிணி?" என்று அப்பா கேட்டார். அன்றைக்கு நான் குதித்த குதி!

இரண்டு தடவை கிளம்பினோம். இரண்டு தடவையும் சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காரில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சட்டென்று சிவப்புக்குப் போயிற்று. என்ஜின் போய்விடும் என்று அப்பா வண்டியைத் திருப்பினார். இறங்கத் தொடங்கியதும் முள் ஒன்றும் அறியாததுபோல் நடுவில் வந்து நின்றது. எங்கள் ஊர் எருத்தேன்பதியின் சமதரையில் எவ்வளவு ஓட்டினாலும் அசையாது. சித்தூர் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், கூலன்ட்டை மாற்றினார், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்லே. மலைதான் பிடிக்கலே."

இதை வேடிக்கையாக அக்காவிடம் போனில் சொன்னது என் தப்பு. அவள் சிரிக்கவில்லை; பக்கத்திலிருந்த அப்பாவுக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"ஏட்டி, அப்பாவுக்கு வர மனசில்லன்னு சொல்லிரு. வண்டி மேல ஏன் பழியப் போடுதீய?"

'ஏட்டி' அவள் மாமியார் வீட்டுப் பேச்சு. கோபத்தில்கூட அவள் எங்கள் பேச்சுக்குத் திரும்பவில்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று: எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. "பஸ்லயே போலாமுங்கப்பா" என்று சோதித்தும் பார்த்தேன்.

"மக ஊட்டுக்கு மொதமொதல்ல போறவன் தேங்காயும் அரிசி மூட்டையும் இல்லாம கைய வீசிட்டுப் போறதா?"

நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். சும்மா இருக்க முடியுமா? சூட்டை அளக்கும் சென்சாரைப் புதுசாக நானே மாட்டினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினால் என்ஜினின் எண்களைப் போனில் காட்டும் ஒரு சின்னக் கருவியும் வாங்கினேன். மூன்றாம் தடவை கிளம்பினோம்.

சின்னாறு தாண்டி மூன்றாவது வளைவு. போனில் தொண்ணூற்றொன்றாக இருந்த எண், கண்மூடித் திறப்பதற்குள் நூற்று நாற்பது. அப்பா ஓரம்கட்டினார்.

"பாத்தயா? நாஞ் சொன்னா ஆரு நம்புனீங்க!"

அவர் குரலில் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

ஒரே நொடியில் தண்ணீர் ஐம்பது டிகிரி ஏறாது. சென்சாரும் புதுசு. மிச்சம் வயர்தான். என்ஜினை அணைக்காமல் பானெட்டைத் திறந்து சென்சார் வயரை விரல் விரலாக அசைத்துக்கொண்டே போனேன். அப்பா உள்ளேயிருந்து கத்தினார்: "எறங்கிருச்சு... ஏறுது... எறங்குது!" ஓர் இரும்புக் கிளிப்பில் உரசி உரசி வயரின் தோல் போய், அரிசிமணி அளவுக்குச் செம்பு மின்னியது. ஏற்றத்தில் திணறி என்ஜின் அசையும்போது செம்பு இரும்பைத் தொடுகிறது, முள் ஏறுகிறது. அவ்வளவுதான்.

டேப்பை எடுத்தேன். இறங்கி வந்த அப்பா என் கையைப் பிடித்தார்.

"சுத்தாத. அவ பாக்கோணும்."

"போட்டோ எடுத்துக்கலாமுங்கப்பா."

"போட்டோ வேண்டாம். வண்டிலயே பாக்கோணும்."

"அப்பறம் ஏத்தத்துக்கெல்லாம் முள்ளு செவப்புலதாங்க நிக்கும்!"

"நிக்கட்டும்."

அந்த முள்ளுக்குப் பயந்து இரண்டு தடவை திரும்பியவர், அது சிவப்பில் நிற்க நிற்க ஓட்டினார். நிஜமாகவே கொதித்தால் சொல்வதற்கு இப்போது முள்ளும் இல்லை. அடிக்கடி நிறுத்தச் சொல்லி இறங்கி, ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். மறையூர், மூணாறு. பிறகு சின்னக்கானல்.

அக்கா ரோட்டோரம் நின்றிருந்தாள். அப்பா நலம்கூட விசாரிக்காமல் பானெட்டைத் தூக்கினார். "இதா, இதுதான். பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இத இப்பிடியே வச்சிக்கிட்டா இம்புட்டு மலையும் ஏறி வந்தீய? வழியில எதுவும் ஆயிருந்தா? ஏட்டி, நீயும் பாத்துக்கிட்டு சும்மாவா இருந்த?"

 அப்பா தலையைக் குனிந்து நின்றார். இரண்டு வருடத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நான் வயரில் டேப்பை மெதுவாகச் சுற்றினேன்.