ஏழரைக் கிலோ சுல்தான்

பூனையின் வாயைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார் தாஜுதீன். சாயங்காலம் தவறாமல் நடக்கும் சோதனை இது. சுல்தானும் வேறு வழியின்றிக் கண்ணை மூடிக்கொள்கிறது.

"காலையில நான் போட்டது பச்சக் காரல் மீனு. இப்ப பொரிச்ச சீலா மீனு வாடை வருது" என்கிறார், தெருவுக்கே கேட்கும்படி.

முப்பது வருஷமாக மீமிசலில் மீன் ஏலம் எடுப்பவர். கெட்டதை அடியில் வைத்து நல்லதை மேலே அடுக்குகிறவர்கள், ஐஸ் தண்ணீரையும் எடையில் சேர்க்கிறவர்கள் என்று எத்தனையோ பேரைக் கண்டவர். பெற்ற தாயே மீன் விற்றாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்.

காலையில் மூன்று காரல், சாயங்காலம் மூன்று, அதற்குமேல் ஒரு செதில்கூடக் கூடாது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா போன மாதம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எடை இறங்காவிட்டால் சர்க்கரை வரும், அப்புறம் தினமும் ஊசிதான். அதைக் கேட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சோறு நன்றாகவே இறங்குகிறது, நிம்மதிதான் போய்விட்டது. பிள்ளைகளெல்லாம் துபாயில். மடியில் வந்து படுக்க இந்தப் பூனையை விட்டால் யார்? வெள்ளிதோறும் ஜும்மா முடிந்ததும் மீன்கூடையில் சுல்தானை உட்காரவைத்துத் தன் தராசிலேயே நிறுக்கிறார். ஏழு கிலோ. ஏழே கால். இப்போது ஏழரை.

திருட்டுத்தனமாகத் தீனி போடுவது யார்? சந்தேகம் முதலில் பக்கத்து வீட்டு பாசிலா மேல் விழுந்தது. "எங்க வீட்ல ரெண்டு நாளா கத்திரிக்கா ஆணந்தாங்க மாமா" என்று அவள் குழம்புச் சட்டியையே திறந்து காட்டிவிட்டாள். அடுத்து மனைவி ரஹீமா பீவியின் கையைப் பிடித்து முகர்ந்தார். மீன் பொரித்த கை வேறு எப்படி மணக்கும்? அதையே சாட்சி என்றார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு இதுதான் மிச்சம். மனம் கசந்துபோனது.

மறுநாள் மத்தியானம் பாயில் உட்கார்ந்து, திருடனைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். இடப்பக்கம் சுல்தான் படுத்திருந்தது. எதிரே ரஹீமா பீவி கவனித்துக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரம் ஒதுக்கிய சீலாத் தோலும் வால்துண்டும் காணாமல் போனதும் அவரது இடது கையை எட்டிப் பிடித்தாள்.

"சோத்துப் பக்கமே வராத கைதானேங்க இது. மோந்து பாருங்க."

தாஜுதீன் முகர்ந்தார். நம்பாமல் இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு அந்தக் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சுல்தான் எழுந்து பின்பக்கமாகப் போய் நக்கத் தொடங்கியது. அவர் விரல்களை இறுக மடக்கிக்கொண்டார்.