செல்வம் அண்ணையின் சட்டைப் பை

ஆஸ்பத்திரியில் செல்வம் அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி, பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே நமது பழைய வாகன வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. படத்தில் அவர் முகம் இல்லை, அவருடைய லாண்ட்ரோவர் நின்றது. கீழே முதல் பதில்: "ஐயோ, நல்ல மனிசன். லாண்ட்ரோவரை விக்கினமோ?" அவர் வாகனப் படங்களை இதே குழுவில் அவருக்காகப் போட்டுவிட்டவள் நான்தான்.

போன மாரியில் நீர்வேலி ஒழுங்கைகளில் வெள்ளம் நின்றபோது என் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. கணவர் கொழும்பில். ஓட்டோக்காரர் வர மாட்டேன் என்றுவிட்டார். செல்வம் அண்ணை வாழைக்குலைகளை இறக்கி எறிந்துவிட்டு எங்களை லாண்ட்ரோவரில் ஏற்றினார். கயிற்றால் கட்டிய கதவு ஆடியது. "கதவைப் பிடிக்காதை பிள்ளை, குழந்தையைப் பிடி. கதவு போனால் வேறை பூட்டலாம்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் பொனற்றைத் திறந்து, பெருவிரல் அளவான ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அது இல்லாமல் எஞ்சின் பற்றாது.

"இப்ப உது தேவையோ அண்ணை?" என்று கத்தினேன்.

"சண்டை நடக்கேக்கை கேக்காமல் வாகனத்தைக் கொண்டுபோன காலத்திலை பழகினது பிள்ளை. இது என்ரை பையிலை இருந்தால் ஒருத்தரும் கொண்டுபோகேலாது."

செத்தவீட்டுக்கு நீங்கள் வந்தீர்கள், குழு அண்ணைமாரே. பிரேதத்தை எட்டிப் பார்த்துவிட்டு நேரே லாண்ட்ரோவர் நின்ற கொட்டிலுக்குப் போனீர்கள்.

"என்ரை முதல் கார் மொரிஸ் மைனர். பெற்றோல் தடைக்குள்ளை மண்ணெண்ணெயிலை கொடிகாமம் வரைக்கும் ஓடினனான்."

"பாதி வழி தள்ளினது நானடாப்பா!"

பறை மேளத்துக்கு மேலாக உங்கள் சிரிப்புக் கேட்டது. பிறகு செல்வம் அண்ணையின் மனைவி வசந்தி அக்காவிடம், அழுதுகொண்டிருந்தவரிடம், வாகனத் திறப்புக் கேட்டீர்கள். வாகனம் ஸ்டார்ட் வரவில்லை. "எஞ்சின் முடிஞ்சுது அக்கா. இரும்பு விலைக்குத்தான் போகும். நாங்கள் எண்டபடியால் எடுக்கிறம்." பழைய கார்களைப் பற்றி நாள் முழுக்கக் கதைக்கிற உங்களில் ஒருவருக்கும் ரோட்டர் இருக்கிற டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் வாயைத் திறக்கவில்லை. எது என்று நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

அக்கா சோர்ந்துபோய், "என்னவாவது செய்யுங்கோ" என்றார்.

ஆஸ்பத்திரியில் தந்த செல்வம் அண்ணையின் உடுப்புப் பையைத் தேடி எடுத்தேன். அவர் சட்டைப் பையில் ரோட்டர் இருந்தது. அவர் கழற்றிய இடத்தில் பூட்டினேன். எஞ்சின் ஒரே தரத்தில் பற்றியது.

உங்களில் ஒருவர் வெட்கமே இல்லாமல் சொன்னார்: "அப்ப விலையை வேறை மாதிரிக் கதைப்பம்."

வசந்தி அக்கா எழுந்து வந்து எஞ்சினை நிறுத்தினார். "கதைக்க வேண்டாம். அந்த மனிசன் இன்னும் வீட்டுக்குள்ளைதான் கிடக்குது."

நீங்கள் போன பிறகு ரோட்டரைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதை நீ வைச்சிரு. நானும் இந்த வாகனத்தை ஓடுவன். பிள்ளைக்கு ஏதுமெண்டால் இதைக் கொண்டு ஓடிவா."

குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். செல்வம் அண்ணையின் ரோட்டர் என் வீட்டில், மகளின் காய்ச்சல் மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.