வாயில் விரல் வைத்த வகுப்பு

எங்கள் அத்தை வீட்டில் அத்தை, பள்ளிக்கூடத்தில் டீச்சர். இடம் மாற்றிக் கூப்பிட்டால் முறைப்பாள். மயிலாப்பூரில் மாதா கோயிலை ஒட்டிய சின்னப் பள்ளி அது. ஒரு மழைக்குத் தண்ணீர் உள்ளே புகுந்து, இருந்த ஒரே அலமாரிப் புத்தகங்களும் கூழாகிப் போயின. புதிதாக வாங்க வழியில்லை என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே பிடிவாதம்: மாதம் ஒரு தடவையாவது எங்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பள்ளி விட்டதும் பஸ் ஏறி அங்கே போய்க் கேட்பாள். நடையாய் நடந்தாள். "சின்னப் பசங்கம்மா, காச்மூச்சுனு கத்துவாங்க. உள்ள ஆராய்ச்சிக்காரங்க படிச்சினு இருக்காங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கடைசியில் நூலகர் அம்மாள் மனம் இரங்கினார். ஒரு தடவை கூட்டி வாருங்கள், பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன் என்றார். அன்று அத்தை காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. வாயில் விரல் வைப்பது எந்தப் பள்ளியிலும் உள்ளதுதான். அத்தை அதைத் தவமாக்கிவிட்டாள். விரல் வைத்தபடி எங்களை வரிசையில் நடக்கவிட்டு, நடுவில் தேனொழுகக் கேட்பாள்: "யாருக்குடா தண்ணி வேணும்? சும்மா சொல்லுங்க, டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." நம்பி வாயைத் திறந்தவன் வெளியே நிற்க வேண்டும். சீக்கிரமே நாங்கள் தேறிவிட்டோம். நூலகத்தில் கடைசிவரை விரலை எடுக்காதவர்களுக்குத் தேன்மிட்டாய் என்று வேறு ஆசை காட்டியிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. நூலகத்தில் அலமாரிகள் கூரையைத் தொட்டன. நூலகர் அம்மாள் ஏணியில் ஏறி, ஒரு பெரிய அட்லஸை எடுத்து வந்து எங்களுக்கு விரித்துக் காட்டினார். இத்தனையையும் நீங்கள் படித்துவிட்டீர்களா என்ற கேள்வி எனக்குத் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் அவர் சிரித்தபடி.

வகுப்பே வாயில் விரல் வைத்து நின்றது.

"உங்களுக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?"

ஒருவரும் அசையவில்லை. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. "கேளுங்கடா, பயப்படாதீங்க. டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அதே வார்த்தை, அதே குரல். நாங்களா ஏமாறுவோம்? பக்கத்தில் நின்ற அந்தோணியின் விரல் லேசாக விலகியது. தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். டீச்சரின் மருமகளுக்கு அந்த அதிகாரம்கூடவா இல்லை?

நூலகர் அம்மாள் கோபப்படவில்லை. அட்லஸை மூடினார். "பசங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல மேடம். பெரிய கிளாஸ் போனப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. நாங்கள் அந்த ஐந்தாம் வகுப்பு.

அத்தை அதன்பின் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் தொடாமல் வெளியேறினார்கள்.

ஆனால் அன்று பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒருத்தர்கூட வாயத் திறக்கல, பாத்தீங்களா டீச்சர்?" என்றேன்.

"பாத்தேன்டி கண்ணு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அவள் பங்கை மட்டும் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். ஏனென்று எனக்குப் புரியவில்லை. வேண்டாமா என்று கேட்டு, அதையும் நானே வாங்கித் தின்றேன்.