புகை எஃபெக்ட் போட்ட பெயர்கள்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: இறந்துபோன முருகையாவின் மனைவி பார்வதியம்மா, மகன் ரவி, பார்வதியம்மாவின் தம்பி சின்னையா, பக்கத்து லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, வந்த சனம், பின்கட்டில் சமையலுக்கு நின்ற மூன்று பேர், லெப்டொப்பும் ப்ரொஜெக்டரும் வைத்துக்கொண்டு நான். மகள் செல்வராணி மட்டும் இல்லை. குவைத்தில் வீட்டு வேலை. ஒரு வாரமாக அவளிடமிருந்து போன் வரவில்லை என்று நான் வயர் இழுக்கும்போதே சொன்னார்கள்.

வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம். முருகையாவின் முதலாம் ஆண்டு நினைவு. படையலுக்கு முன்னால் நான் செய்த வீடியோவைப் போட வேண்டும். பிறகுதான் சாப்பாடு.

என் வேலை வீடியோவில் எழுத்தை அசைய வைப்பது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கப் போய், அங்கேயே கற்றுக்கொண்டேன். தமிழை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஆட வைத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கும். அதனால் நான் சொல் சொல்லாகத்தான் அசைப்பேன். முருகையா பெயருக்கு ஒரு புகை எஃபெக்ட் போட்டிருந்தேன். பெயர் வந்து நிற்கும். பிறகு புகையாகக் கலைந்து மேலே போகும்.

என் கடையில் அதைப் பார்த்த ரவிக்கு மிகவும் பிடித்துவிட்டது.

“அண்ணே, இதையே எல்லார் பேருக்கும் போடுங்க. ஆளுக்கொரு எஃபெக்ட் போட்டா மட்டமா இருக்கும்.”

“ரெண்டர் ஆகி வீடியோவா வர நேரம் போகும் தம்பி. மெசின் ஹேங் ஆகிருமோன்னு பயமா இருக்கு.”

“அதெல்லாம் ஆகாதுண்ணே.”

எனக்கு எதற்கும் பயம்தான். கரண்ட் போகுமோ, எழுத்தின் ஃபொண்ட் மாறுமோ, மழையில் ப்ரொஜெக்டர் நனையுமோ என்று வேனில் வரும்போதெல்லாம் யோசித்தேன். புகையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. அந்த எஃபெக்டை அப்படியே குடும்பத்தார் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தேன்.

வீடியோ ஓடியது. முருகையாவின் பெயர் மேலே போனபோது பெண்கள் அழுதார்கள். பிறகு, ‘பிரிவால் துயருறும் குடும்பத்தார்’ என்று வந்து, பெயர்கள் ஒவ்வொன்றாக வரிசை கட்டி நின்றன. நின்று முடிந்ததும் கீழிருந்து ஒவ்வொன்றாகக் கலையத் தொடங்கின. முதலில் சின்னையா போனார்.

“அட பாவிகளா! மச்சானுக்கு டிக்கட் எடுக்கச் சொன்னா எனக்கும் சேத்து எடுத்துட்டானுகளே!” என்று அவரே கத்தினார். சிரிப்பு எழுந்தது. அடுத்தது செல்வராணி.

பார்வதியம்மா எழுந்துவிட்டார். “நிப்பாட்டு! எம்புள்ள பேரு எங்க போவுது?”

நிறுத்தினேன். திரையில் பாதிப் பெயரும் பாதிப் புகையும் நின்றன. அது இன்னும் மோசம்.

“அம்மா, அது டிசைன்மா,” என்றான் ரவி.

“டிசைனா? ஒங்கப்பன் போன மாதிரியே போவுது, டிசைனாம்! அவ கொரலக் கேக்காம இங்க ஒருத்தருக்கும் எலை போடக் கூடாது. சொல்லிட்டேன்.”

ரவி குவைத் நம்பருக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அண்ணே, ஏதாவது செய்ங்க. அம்மா மொகத்தப் பாருங்க.”

திருத்தி ரெண்டர் எடுக்க அங்கே நேரம் இல்லை. டைம்லைனைப் பின்னால் இழுத்தேன். எல்லாப் பெயரும் முழுதாக நிற்கும் ஃப்ரேமில் விட்டேன். புகை இல்லை, அசைவு இல்லை. செல்வராணி என்ற பெயர் வெள்ளையாக நின்றது.

பார்வதியம்மா திரைக்குக் கிட்டே போனார். அவருடைய நிழல் பெயரில் விழுந்தது. சட்டென்று ஒதுங்கி நின்றுகொண்டார். அந்த இடத்தை விட்டு அவர் அசையவே இல்லை.

சும்மா விட்டால் திரை தானாக அணைந்துவிடும் செட்டிங் லெப்டொப்பில் இருந்தது. அதை மாற்றப் போய் திரையில் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். அதனால் மவுஸை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன். இந்த நேரத்தில் திரை கறுத்தால் அந்த அம்மா விழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். பின்கட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை.

ரவியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“அம்மா? மேடம் இப்பதான் போனக் குடுத்தாங்க. அப்பாக்குப் படையல் போட்டாச்சா?”

“இனித்தான்டி போடணும். நீ சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்மா. ஏம்மா அழுவுறீங்க?”

“ஒண்ணுமில்ல. ஒங்க மாமனுக்குப் பசி தாங்கல. வேற ஒண்ணுமில்ல.”

“அடிப்பாவி அக்கா!” என்றார் சின்னையா. இலை போட்டார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். உயிரோடு இருக்கிறவர் பெயரைத் திரையில் வர வைக்கலாம், போக வைக்கக் கூடாது. வந்து நிற்கட்டும்; முடியும்போது முழுத் திரையும் ஒன்றாக மாறட்டும். கஸ்டமர் கேட்டாலும் நான் இப்போது வேறு மாதிரி செய்வதில்லை.

வயரைச் சுருட்டும்போது பார்வதியம்மா வந்து, பெயர்கள் நிற்கிற அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். அடுத்த வாரம் லெமினேட் பண்ணிக் கொடுத்தனுப்பினேன். ரவி, “வீடியோ பாதிதானேண்ணே ஓடுச்சு, பாத்துத் தாறேன்,” என்றான். பேசிய கூலியில் ஒன்பதாயிரம் ரூபாய் இன்னும் வரவில்லை.