ஓட்டு உண்டு, வீடு இல்லை

வாடகைக்கு விடப்படும் என்ற பலகையைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டுக் கேட்டைத் திறந்தேன். என்னைக் கண்டதும் வீட்டுக்கார அம்மாள் உள்ளே ஓடினாள். ஓடினவள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தட்டோடு வந்து நின்று, சுற்றவும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஓட்டுக் கேட்டு வரலம்மா. வீடு கேட்டு வந்திருக்கேன்."

தட்டு பாதியில் நின்றது. "யாருக்குங்க வீடு?"

"எனக்குத்தான்."

"கூட யாரு இருப்பாங்க?"

"நான்தான் இருப்பேன்."

ஆரத்தியை வாசலில் கொட்டாமலே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "நாங்க ஃபேமிலிக்குத்தான் விடுறது. தப்பா எடுத்துக்காதீங்க கவுன்சிலரக்கா. ஓட்டு உங்களுக்குத்தான், அதுல மாத்தமே இல்ல. வீடு மட்டும் கேக்காதீங்க" என்றாள். அட, என்ன தாராள மனசு!

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு பேரூராட்சியில் நான் வார்டு கவுன்சிலர். பெண்கள் வார்டு. எங்கள் கட்சிக் கிளைச் செயலாளரின் மனைவிக்குப் போக வேண்டிய சீட்டு அது. அந்த நேரம் பார்த்து அந்தம்மா மகள் பிரசவத்துக்குத் துணையாகச் சென்னை போய்விட்டதால் எனக்கு வந்தது. இருபது வருஷம் கொடி பிடித்ததற்குக் கிடைத்தது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போய்விட்டது, அதனால் இங்கே சொல்லப்போவதில்லை.

நான் குடியிருந்த வீடு ஒரு பாய் குடும்பத்துடையது. பதினோரு வருஷம் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகன் துபாய் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு வருகிறான் என்றதும் அந்தம்மா கண் கலங்கிப்போய், "எனக்கே சொல்லக் கஷ்டமா இருக்கும்மா, வைகாசிக்குள்ள பாத்துக்கங்க" என்றார். நியாயம்தான். வைகாசி விட்டால் ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் யாரும் குடி போகமாட்டார்கள், விடவும் மாட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் எனக்கு வார்டுக்குள்ளேயே ஒரு வீடு வேண்டும். வார்டை விட்டுப் போனால் அடுத்த தேர்தலில் நான் வெளியூர்க்காரி. செயலாளர் மனைவியும் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள்.

ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். "உங்களைத் தேடி நேரங்கெட்ட நேரத்துல நாலு ஆம்பளைங்க வருவாங்களேம்மா" என்றார்.

"வரணும்னுதானே சார் ஓட்டுப் போட்டீங்க?"

"அது வேற, இது வேறம்மா." எது வேற என்று அவர் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, "அந்தச் சாக்கடை அடைப்பை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் மறுநாள் ஆள் அனுப்பி அடைப்பை எடுத்தேன். என் தலையெழுத்து.

இன்னொரு வீட்டில் மாமியார் ஒருத்தி சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "ஜெயிலுக்குப் போயிட்டு வந்த பொம்பளைக்கு எப்படிங்க வீடு விடுறது?"

ஆமாம், போனேன். ஏன் போனேன் என்று அந்த மாமியாருக்கும் தெரியும். வாய்க்கால் தெருவை ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடிக்க மெஷின் வந்த வருஷம் அது. வேறு இடத்தில் மனைப்பட்டா கொடுத்துவிட்டு இடியுங்கள் என்று நாங்கள் மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். நாங்கள் என்றால் பெண்கள் மட்டும். "நீங்க முன்னால உக்காருங்க, பொம்பளைங்க மேல போலீஸ் கை வைக்காது" என்று ஆண்கள் யோசனை சொல்லிவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். போலீஸ் கை வைத்தது. பெண் போலீசை அழைத்து வந்து எங்களை வேனில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனது. வேன் கிளம்பும்போது டீக்கடையில் ஒருத்தர் கிளாஸைக் கீழே வைக்காமலே கை காட்டினார். அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, "கன்னுக்குட்டிய யாரு அவுத்து விடுவா, இந்த மனுசனுக்குக் கயிறு அவுக்கவும் தெரியாதே" என்று அழுதுகொண்டே வந்தாள்.

உள்ளே போன மூன்றாம் நாள் அவள் அழுகை நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, நான் பொங்காத சோத்த நான் திங்கிறது இதான் மொத தடவ. பிரசவத்துக்குக்கூட எட்டாம் நாளே அடுப்புக்கு வந்துட்டேன்" என்றாள். சாம்பாரில் உப்பு இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் எங்களை எண்ணிப் பூட்டுகிற வார்டன் அம்மாளை அவள் பெரியம்மா என்று கூப்பிட, அந்தம்மா சிரிக்காமல் இருக்கப் படாத பாடு படுவார்.

நாங்கள் ஜாமீனில் வந்தோம், பட்டாவும் வந்தது. வீட்டுப் பெண்கள் பெயரில்தான் தருவோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள், அப்படியே தந்தார்கள். நன்றி சொல்லிக் கட்டிய பிளெக்ஸ் பேனரில் மட்டும் டீக்கடை கோஷ்டி முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு நின்றது. எங்களில் ஒருத்தி முகம்கூட இல்லை. கேட்டதற்கு, "பொம்பளைங்க போட்டோவை ரோட்டுல வைக்கிறது மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டோம்" என்றார்கள். ரோட்டில் உட்கார வைப்பது மட்டும் மரியாதை போலிருக்கிறது.

கன்றுக்குட்டிக்காக அழுதவள் அந்த மனையில் வீடு கட்டி, பிறகு மேலே ஒரு மாடியும் எடுத்தாள். மாடி காலியாக இருந்தது. எனக்குத் தெரியும். நான் வீடு தேடுவது அவளுக்கும் தெரியும். அவளாகக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. சரி, சிநேகிதிக்கு என்ன ரோஷம் என்று நானே போனேன்.

அவள் கொல்லையில் கெண்டை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், டீ கிளாஸோடு கை காட்டியவர்தான், இப்போது அறுவடை மெஷின் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட். "வாங்க கவுன்சிலரே" என்று நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மாடியில விதைநெல் வைக்கலாம்னு இருக்கோம்."

"விதைநெல்லுக்கு எதுக்குங்க பாத்ரூமு, பைப்பு எல்லாம்?"

அவர் முகம் சுருங்கியது. "உள்ளதைச் சொல்லிடுறேன். பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும். மாடியில யாருன்னு கேப்பாங்க. தனியா ஒரு பொம்பள, கட்சிக்காரி, ஜெயிலுக்குப் போனவன்னு சொல்ல முடியுமா?"

"உங்க வீட்டம்மாவும் அதே ஜெயில்லதான் இருந்துச்சு."

"அதை நாங்க யாருகிட்டயும் சொல்றது இல்லிங்க."

எனக்கு உச்சந்தலை சுட்டது. அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "ஏன்டி, இந்த வீடு யாரு பேருல இருக்கு?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "எம்பேருலதான்க்கா. சாவி அவரு அரைஞாண் கயித்துல கெடக்கு."

"ஜெயில்லயாவது சாவி ஒரு பொம்பள இடுப்புல இருந்துச்சுடி!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. குடவாசலில் தம்பி இருக்கிறான். "வாக்கா, ரூம் சும்மாதான் கெடக்கு" என்று அவன் பெண்டாட்டியும் மனசோடுதான் சொன்னாள். நல்ல பெண். ஆனால் அங்கே போனால் நான் வெறும் நாத்தனார். இங்கே ரேஷன் கடை, சாக்கடை, தெருவிளக்கு என்று எதற்கும் என் பெயரைச் சொல்லித் திட்ட நாலு பேர் இருக்கிறார்கள். அந்தத் திட்டை விட்டுவிட்டுப் போக எனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத்தான் தெரியும். வார்டு வாட்ஸ்அப் குரூப்பில், நான் போகிற செய்தி கேட்டு அழுகிற பொம்மை படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். வாத்தியார் இரண்டு அனுப்பியிருந்தார். போகிற காலத்தில் வாயில் வந்ததைத் தட்டி அனுப்பிவிடலாமா என்று யோசித்து, போனை அணைத்துப் பையில் போட்டேன்.

வைகாசி கடைசியில் ஒரு நாள் காலை. பீரோவும் கட்டிலும் குட்டியானை வண்டியில் ஏறியாகிவிட்டது. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். வண்டிக்கு முன்னால் அந்தக் கன்றுக்குட்டிக்காரி வந்து நின்றாள். மெயின் ரோட்டில் உட்கார்ந்த நாளில் இருந்த அதே முகம். டிரைவர் ஹாரன் அடித்தான். நகரவில்லை.

"எறங்குக்கா. வண்டிய நம்ம தெருவுக்கு விடச் சொல்லு."

"ஏன், உன் புருஷன் சாவி குடுத்துட்டாரா?"

"அவரு மெஷினோட மன்னார்குடி போயிருக்காரு. பூட்ட ஒடச்சிட்டேன்."

"அடிப்பாவி! வந்து சண்டை போடப்போறாருடி. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும்னு வேற சொன்னாரே."

"கடப்பாரையக் கொண்டாந்து குடுத்ததே அந்தப் பொண்ணுதான்" என்றாள். மடியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தாள். புதுப் பூட்டின் சாவிகள், எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகவில்லை. இரண்டில் ஒன்றைக் கழற்ற முடியாமல் பல்லால் கடித்துக் கழற்றி என் கையில் வைத்தாள். மற்றதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவருக்கு?" என்றேன்.

"கதவத் தட்டட்டும்."